வளைஞ்ச ப்ளைவுட் சேர்: வாங்கறதுக்கு முன்னாடி கவிழ்த்துப் பாருங்க

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரே ஒரு பொருளைப் பத்திப் பேசப் போறோம். வளைந்த ப்ளைவுட் நாற்காலி. கஃபேல பார்த்திருப்பீங்க. மெல்லிசா ஒரு பலகை, அதுவே உட்காரும் இடமாவும் சாயும் முதுகாவும் வளைஞ்சு நிக்கும், கீழே ஸ்டீல் கால். ஆன்லைன்ல தேடினா அதே உருவம் சில ஆயிரத்துக்கும் கிடைக்குது, அதைவிடப் பத்து மடங்கு விலைக்கும் கிடைக்குது. பழைய சாமான் கடையில "விண்டேஜ் சார்"னு சொல்லி ஒருத்தர் இன்னொரு விலை சொல்றார். எதை வாங்கறது?

என் பதில் சின்னது. பேரைக் கேட்கறதுக்கு முன்னாடி நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்க. ஏன்னு புரியணும்னா, இது எப்படிச் செய்யப்படுதுன்னு தெரியணும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில எடுத்து வளைங்க. ஓரத்துல தாள் எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கிச் சரிஞ்சு நிக்கும். கையை எடுத்தா பழையபடி நிமிர்ந்துடும். இப்போ ஒவ்வொரு தாளுக்கும் நடுவுல பசை தடவி, வளைச்ச நிலையிலேயே காய வச்சா? தாள் திரும்ப வழுக்க முடியாது. வளைவு அப்படியே நின்னுடும். வளைந்த ப்ளைவுட்டும் இவ்வளவுதான். மரத்தை மெல்லிய வெனீர் ஏடுகளா எடுத்து, பசை போட்டு அடுக்கி, மோல்டுக்குள்ள வச்சு அழுத்தி, சூடு காட்டி இறுக்குறாங்க. கடையில வாங்கின தட்டையான ப்ளைவுட்டை அப்புறமா வளைக்கறது கிடையாது.

அதனால, இந்த நாற்காலியோட உயிர் பசையில இருக்கு. பழைய நாற்காலி வாங்கும்போது பசையோட வயசை வாங்கறீங்க. புதுசு வாங்கும்போது பசையோட தரத்தை வாங்கறீங்க.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். பழைய ஐரோப்பிய கஃபே படங்கள்ல வர்ற, உருண்டையான வளைந்த கம்பு நாற்காலி வேற வகை. மைக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி அந்த வகைதான். முழு பீச் மரக் கம்பை நீராவியில் பதப்படுத்தி வளைத்தது, ஏடு அடுக்கினது இல்ல. விற்கிறவர் ரெண்டையும் ஒரே பேர்ல சொல்லலாம். நீங்க ஓரத்தைப் பாருங்க. அடுக்கடுக்காக் கோடு தெரிஞ்சா அது ஏடு அடுக்கினது.

இப்போ மூணு பேரோட கதை. மூணுலயும் நமக்கு ஒரு பாடம் இருக்கு.

முதல்ல ஃபின்லாந்து. 1930களின் தொடக்கத்தில் ஆல்வார் ஆல்ட்டோ, பாய்மியோ ஊரில் காசநோயாளிகளுக்கான மருத்துவமனையை வடிவமைத்தார். அந்தக் காலத்துப் புது ஃபேஷன் ஸ்டீல் குழாய் நாற்காலி. தொட்டா சில்லுனு இருக்கும். அவர் பிர்ச் மரத்துக்குப் போனார். வளைந்த சட்டத்துக்கு நடுவில் ஒரே ப்ளைவுட் தாளைத் தொங்கவிட்ட மாதிரி ஒரு நாற்காலி. நோயாளி சாய்ந்து உட்கார்ந்து மூச்சுவிட வசதியா முதுகோட சாய்வை அமைச்சார். அதுல மெத்தை கிடையாது. வளைவு சரியா இருந்தா மெத்தை இல்லாமலும் உட்காரலாம்னு காட்டின நாற்காலி அது.

அடுத்து அமெரிக்கா. சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி. ரெண்டாம் உலகப் போர்ல கால் முறிஞ்ச கடற்படை வீரர்களுக்கு வளைந்த ப்ளைவுட்டில் கட்டை செஞ்சு கொடுத்தவங்க. ஒரே துண்டா நாற்காலி செய்யப் பார்த்தாங்க. உட்காரும் இடமும் முதுகும் சேரும் வளைவுல மரம் விரிசல் விட்டது. அதனால ரெண்டையும் தனித்தனியாச் செஞ்சு இணைச்சாங்க. 1940களின் நடுவில் வந்த அவங்க ப்ளைவுட் நாற்காலிகள் இப்படித்தான் பிறந்தன. இணைப்புல ரப்பர் வட்டு வச்சாங்க. சாயும்போது முதுகு கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.

மூணாவது டென்மார்க். ஆர்னே யாக்கப்சன் 1952இல் ஒரே துண்டு நாற்காலியைச் செஞ்சு காட்டினார். நோவோ மருந்து கம்பெனியின் கேன்டீனுக்காக வந்த 'எறும்பு' நாற்காலி. விரிசல் விடும் அதே இடத்தில் இடுப்பைக் குறுக்கிட்டார். பேர் வந்ததும் அந்த எறும்பு இடுப்பாலதான். 1955இல் வந்த 'சீரிஸ் 7' அதோட தம்பி. இன்னைக்கு நீங்க கஃபேல பார்க்கற சேர் பெரும்பாலும் இந்த ரெண்டோட சாயல்தான்.

சரி, இப்போ கடைக்குப் போவோம்.

பழசு வாங்கறீங்களா? கவிழ்த்ததும் முதல்ல இடுப்பு வளைவைப் பாருங்க. டார்ச் அடிச்சு, விரல் நகத்தால தடவுங்க. மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம். கால் ஆடினா மாத்தலாம், பாலிஷ் போனா போடலாம். வளைவு விரிஞ்சா, அந்த மோல்டு இல்லாம எந்த கார்பென்ட்டராலயும் பழைய பலத்துக்குக் கொண்டுவர முடியாது.

ரெண்டாவது, ஓரம் முழுக்கத் தட்டிப் பாருங்க. நல்ல இடத்துல கட்டையா சத்தம் வரும். ஏடு பிரிஞ்ச இடத்துல பொத்தையா, கலகலன்னு கேட்கும். ஓரத்துல சின்னதா பிரிஞ்சிருந்தா பசை விட்டு கிளாம்ப் போட்டுச் சரி பண்ணலாம். நடுவுல பிரிஞ்சிருந்தா விட்டுடுங்க.

மூணாவது, ஈம்ஸ் பாணி நாற்காலின்னா ரப்பர் வட்டு. வருஷம் போகப்போக ரப்பர் இறுகும், பசை விடும். ஒருநாள் நல்லா சாயும்போது முதுகு கையோட வந்துடும். சில நேரம் மரத்தையும் பிச்சுக்கிட்டு வரும். உட்கார்றவர் தலைகுப்புற விழக்கூடிய விஷயம் இது. வட்டை மாத்தியிருக்கீங்களான்னு கேளுங்க. மாத்தலைன்னா அந்தச் செலவை விலையிலேயே கழிச்சுப் பேசுங்க.

"ஒரிஜினல்" பேச்சுக்கும் ஒரு வார்த்தை. சீரிஸ் 7ஐ உலகம் முழுக்கப் பிரபலமாக்கின படம், 1963இல் லூயிஸ் மோர்லி எடுத்த கிறிஸ்டின் கீலரோட படம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலி ஒரு நகல்! முதுகில் கை நுழைக்கிற மாதிரி ஓட்டை இருக்கும், அசலில் அது கிடையாது. இப்போ லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துல இருக்கு. நகல்னா உட்கார முடியாதுன்னு அர்த்தமில்ல. நகலுக்கு அசல் விலை கொடுக்காம இருந்தா போதும். அடியில் ஒட்டின லேபிளை யாரும் அச்சடிக்கலாம். அதை மட்டும் நம்பிப் பணம் எடுக்காதீங்க.

புதுசு வாங்கறீங்கன்னா ஓரத்துல ஆரம்பிங்க. ஏடுகள் சீரா, இடைவெளி இல்லாம ஓடணும். நடுவுல ஓட்டையை மாவு வச்சு அடைச்சிருந்தா அது மட்டமான சரக்கு. மேல் பரப்புல மர ரேகை ஓரம் வரைக்கும் இயல்பா ஓடுதா, இல்ல அதே டிசைன் திரும்பத் திரும்ப வருதா பாருங்க. திரும்ப வந்தா அச்சடிச்ச காகிதம். அடுத்து, காலை எப்படி மாட்டியிருக்காங்க? மெல்லிய ப்ளைவுட்ல நேரா மர ஸ்க்ரூ போட்டிருந்தா சீக்கிரம் லூஸ் ஆகும். உலோகத் தட்டோ, பதிச்ச நட்டும் போல்ட்டுமோ இருக்கணும். பெட்டியைத் திறந்ததும் கண் எரியற நெடி வந்தா அது பசையில இருக்கற ஃபார்மால்டிஹைடா இருக்கலாம். வாங்கும்போதே 'ஈ1' தரமான்னு கேளுங்க.

கடைசியா, உங்க வீடு. சாப்பாட்டு மேசைக்குன்னா உட்காரும் உயரம் 45 செ.மீ. அளவுல இருக்கணும். ஈம்ஸ் நாற்காலிகள்ல 'டைனிங்'னு ஒண்ணு, 'லவுஞ்ச்'னு ஒண்ணு. படத்துல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். லவுஞ்ச் கிட்டத்தட்ட 39 செ.மீ.தான். மேசைக்குப் போட்டா தட்டு நெஞ்சுக்கு வந்துடும். சின்ன ஃபிளாட்டுன்னா அடுக்கி வைக்கிற மாடல் எடுங்க. வயசானவங்க இருக்கற வீட்டுல மூணு கால் எறும்பு வேண்டாம், பக்கவாட்டுல சாஞ்சா கவிழும்.

நம்ம வீட்டுல தரையை ஈர மாப் போட்டுத் துடைப்போம். ப்ளைவுட் கால்னா அடி ஓரம் அந்தத் தண்ணியை உறிஞ்சும், ஏடு பிரியறது அங்கேதான் தொடங்கும். ஸ்டீல் காலா எடுங்க, இல்ல அடியில ரப்பர் புஷ் போடுங்க. ஜன்னல் வெயில்லயும் நிரந்தரமா போடாதீங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: லேப்டாப் முன்னாடி எட்டு மணி நேரம் உட்கார இது சரிப்படாது. அதுக்கு ஆபீஸ் சேர்தான்.

என் கணக்கு இது. தினமும் நாலு பேர் சாப்பிட உட்கார்ற நாற்காலியா, புதுசு வாங்குங்க, நாலும் ஒரே மாதிரி கிடைக்கும், கால் போனா மாத்தலாம். ஹால் மூலையில படிக்க ஒரே ஒரு நாற்காலியா, பழசைத் தேடுங்க. ஆனா கவிழ்த்துப் பார்க்க விடாத கடையில வாங்காதீங்க. "பாத்து சார், கீறல் விழும்"னு தடுத்தா, கும்பிட்டுட்டு அடுத்த கடைக்குப் போங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.