ஏடு பெயர்த்தலும் கோப்புப் பெயர்த்தலும்



சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் தமிழகத்தின் எல்லையோரம் அமைந்த ஊர் ஆரம்பாக்கம். இப்பகுதி மக்களுக்குச் சோதனைச் சாவடி புதிதன்று. சரக்கு நல்லதாக இருக்கலாம். சாலையும் திறந்தே இருக்கலாம். கேட்கும் சீட்டு ஓட்டுநரிடம் இல்லையெனில் வண்டி நின்றுவிடும். பழைய கணிப்பொறியிலிருந்து புதியதற்குக் கோப்பு போகாமல் தடைபடுவதும் பெரும்பாலும் இத்தகையதே. கெட்டுப்போனது கோப்பு என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். உண்மையில் கோப்பு நலமாகவே இருக்கும். இரு பொறிகளுக்கும் இடையிலான உடன்பாடுதான் முறிந்திருக்கும்.

கவிஞர்க்கு இதனால் என்ன என்ற வினா எழலாம். 1990களில் கணிப்பொறியில் அச்சுக் கோக்கப்பட்ட தமிழ்ப் படைப்புகளில் நூலாக வெளிவந்தவை பிழைத்தன. வெளிவராதவற்றுக்குப் பழைய வட்டில் உறங்கும் கோப்பே மூலப்படி. அப்பொறி பழைய இரும்புக் கடைக்குப் போகும் நாளில் கவிதையும் உடன் போகும். ஆதலின் தடை எங்குள்ளது என்று வரிசைப்படி தேடும் முறையை அறிந்துகொள்வது இலக்கியப் பணியே ஆகும்.

முதலில் காண வேண்டியது பாதை. 1.44 மெகாபைட் கொள்ளளவுள்ள நெகிழ்வட்டைச் செருகப் புதிய பொறிகளில் வாயிலே இல்லை. யுஎஸ்பி வழி இணையும் நெகிழ்வட்டுக் கருவி வேண்டும். பழைய பொறி இயங்காவிடினும் கவலையில்லை. அதன் வன்வட்டைக் கழற்றி, தக்க இணைப்பியின் வழியே புதிய பொறியுடன் பொருத்திப் படிக்க இயலும்.

இரண்டாவது நெறிமுறை. கோப்புகளை வலையின் வழி அனுப்பும் எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியில் பயின்று, அமெரிக்காவின் எம்ஐடிக்குச் சென்றவர். அந்நெறிமுறையில் இரு தொடர்புகள் உண்டு: ஒன்று கட்டளைக்கு, மற்றொன்று கோப்புக்கு. பழைய முறையில், கட்டளையைப் பெற்ற பொறியே கோப்புத் தொடர்பைத் திரும்பத் தொடுக்கும். இக்காலப் பொறிகளின் காவலரண் அந்த வருகையை அயலார் நுழைவாகக் கருதித் தடுத்துவிடுகிறது. கடவுச்சொல் ஏற்கப்பட்டும் கோப்புப் பட்டியல் வராமல் திரை உறைந்து நின்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. இரு தொடர்புகளையும் கேட்பவரே தொடுக்கும் ‘பேசிவ்’ முறைக்கு மாறினால் பல வேளைகளில் தடை நீங்கும்.

மூன்றாவது, புதிய பொறி பழைய நெறிமுறையையே மறுத்துவிடுவது. விண்டோஸ் எக்ஸ்பி பொறிகள் கோப்புகளைப் பகிர எஸ்எம்பி நெறிமுறையின் முதற்பதிப்பையே அறியும். 2017 மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் அப்பதிப்பின் ஓட்டையில் புகுந்து உலகெங்கும் பொறிகளை முடக்கியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஒரு கோப்புக்காகப் புதிய பொறியின் கதவை மீண்டும் திறந்து வைப்பது எளிது. ஆயினும் அறிவுடைமை ஆகாது. வலையில் இணையாத இடைப்பொறி ஒன்றையோ, கையடக்க நினைவகத்தையோ இடையில் நிறுத்தி மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு.

நான்காவது தடை தமிழர்க்கே நன்கு தெரிந்தது. கோப்பு முழுமையாக வந்து சேரும். திறந்தால் தமிழுக்கு மாறாக ஐரோப்பிய எழுத்துகளின் குவியல் தோன்றும். வட்டில் இருப்பவை எண்களே. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை அக்காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டது. இக்குழப்பத்தைத் தீர்க்கவே சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ‘டாம்’, ‘டாப்’ குறியீட்டு முறைகள் முன்வைக்கப்பட்டன. அயல்நாட்டுத் தமிழரிடையே ‘தகுதரம்’ எனப்பட்ட டிஸ்கி முறை பரவியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல அம்முறையில் வந்து, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது.

மாற்றும்போதும் விழிப்பு வேண்டும். பழைய முறைகளில் ‘கெ’ என்பதன் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகப் பதியப்பட்டது. ஒருங்குறியிலோ ககரம் முன், கொம்பு பின். ஔகாரக் குறியும் ளகரமும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவம். ஆகவே ‘கௌ’ என்ற ஓரெழுத்து, மாற்று நிரலின் கையில் ‘கெள’ என ஈரெழுத்தாகிவிடும். கண்ணுக்குப் புலப்படாத இப்பிழை, தேடும்போதும் அகரவரிசைப்படுத்தும்போதும் வெளிப்படும். யாப்பிலோ எழுத்தெண்ணிக்கையையே மாற்றிவிடும்.

இவ்விடர் தமிழுக்குப் புதிதன்று. ஓலைச் சுவடியில் புள்ளி இடப்படவில்லை. எகர ஏகாரங்களுக்கு வேற்றுமை இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் நின்றன. 1887இல் கலித்தொகையை அச்சிட்ட சி.வை. தாமோதரம் பிள்ளையும், அதே ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையரும் ஒரே ஏட்டை நம்பிவிடவில்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடங்கண்டனர். கையில் வந்து சேர்ந்ததெல்லாம் பாடம் ஆகிவிடாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அவ்வழியே கோப்பைப் பெயர்ப்போரும் செய்யத்தக்கவை சில உள. மூலக் கோப்பைத் திருத்தாமல் அப்படியே காத்தல். பெயர்த்த படியின் அளவை மூலத்தோடு ஒப்பிடுதல். எழுதிய எழுத்துருவின் பெயரையும் அந்த எழுத்துருக் கோப்பையும் உடன் சேர்த்து வைத்தல். ஒருங்குறிப் படியை எழுதியவரே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தல். இரண்டு படிகளை வெவ்வேறு இடங்களில் வைத்தல். நிரல் காணாத பிழையைக் கவிஞரின் செவி கண்டுவிடும்.

கறையானுக்கும் வெள்ளத்துக்கும் இரையான ஏடுகளை எண்ணித் தமிழுலகம் இன்றும் வருந்துகிறது. அந்த இழப்புகளைத் தடுக்க இக்காலத்தவரால் இயலாது. மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் பொறியைத் திறந்து பார்க்க இயலும். பத்தாண்டு நிறைவை ஒட்டி, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பழைய கோப்புகளை இவ்வாண்டிற்குள் பெயர்த்து வட்டத்திடம் ஒரு படி ஒப்படைப்பாராக.