கோதுமையும் நாமும்

வட மாநிலங்களில் குடியேறிய நம் இல்லங்களில் காலைக்கு இட்டிலியும் இரவுக்குச் சப்பாத்தியும் வழக்கமாகிவிட்டன. வயிறு சற்றே பொருமினாலும் கோதுமைமீது பழி சுமத்தி, அதை அறவே விலக்கிவிடுகிறோம். இது முறைதானா?

கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சீலியாக் நோயுற்றோரின் சிறுகுடலைச் சிதைக்கிறது. ஹாலந்து நாட்டு மருத்துவர் டிக்கெ, 1950இல் வெளியிட்ட ஆய்வேட்டில் கோதுமையின் இத்தீங்கை விளக்கினார். அந்நோய் இல்லாதார்க்கோ, குளூட்டனை விலக்குவதால் உடல்நலம் பெருகும் என்பதற்குத் தக்க சான்றில்லை. பொருமலுக்குக் கோதுமையிலுள்ள பிரக்டன் என்னும் சர்க்கரைத் தொடர் காரணமாதலும் உண்டு. அது நம் சாம்பார் வெங்காயத்திலும் இருக்கிறதன்றோ? முழுக் கோதுமையைத் தள்ளித் தீட்டிய அரிசியையே உண்டால் நார்ச்சத்தும் குறையும்.

ஒன்றை மறவோமாக. கோதுமையை நிறுத்திய பின் இரத்தப் பரிசோதனை செய்தால், இருக்கும் நோயும் புலப்படாமற் போகலாம். ஆகவே முதலில் பரிசோதனை; பின்னரே விலக்கல். நோய் உறுதியானால் சப்பாத்தி மட்டுமன்று, ரவை, சேமியா, கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம் ஆகியவற்றையும் வாழ்நாள் முழுதும் விலக்க வேண்டும். நோயும் இல்லை, தொல்லையும் இல்லையெனில், அண்டை வீட்டார் அன்புடன் நீட்டும் சுடு ரொட்டியை நாம் ஏன் மறுக்க வேண்டும்?