கண்ணன் கண்ணம்மாவானபோது

(உடன்குடியில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



உடன்குடி வட்டாரத்தில் பதநீர்க் காலந்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. விடியுமுன் பனையேறிய தந்தை பதநீரோடு விடிலிக்குத் திரும்புகின்றார். தாயார் அடுப்பேற்றிக் காய்ச்சுகின்றார். பாகு பதமாகிச் சிரட்டைகளில் ஊற்றப்படும்வரை பொறுக்கமாட்டாத சிறுமகள், ஓலைத் துண்டை மடித்துக் கையில் ஏந்தி நிற்கின்றாள். முதற்பாகு அவளுக்கே உரியது. அவள் நாவில் அது இனிக்கும்போது, மரமேறிய களைப்புத் தந்தைக்கு மறந்துபோகின்றது.

இந்த இன்பம் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. ஆனால், ஏட்டில் அது ஏறுவதற்குத் தடைகள் இருந்தன. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்துக்குப் பரிமேலழகர் தந்த பெயர் ‘புதல்வரைப் பெறுதல்’ என்பதாகும். முதற்குறளில் வரும் ‘மக்கள்’ என்னும் சொல், அறிவுடைமையைச் சுட்டும் அடைமொழி பெற்றமையால், பெண்ணை நீக்கி நின்றது என்றும் அவர் உரை வகுத்தார். பெரும் புலமையின் நிழலில் நின்ற சிறு குறை அது. அதற்கு விடையிறுத்தவர்கள் உரையாசிரியர்கள் அல்லர். பெண்மக்களைப் பெற்ற தந்தையரும், அவர்தம் மகளிருமே ஆவர்.

வில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார், யசோதையின் நிலையில் நின்று கண்ணனை ஆண்குழந்தையாகப் பாடியவர். அவர் இல்லத்திலோ துளசிவனத்தில் கண்டெடுத்த மகள் வளர்ந்தாள். இறைவனுக்குரிய மாலையை அவள் சூடிப் பார்த்ததைக் கண்டு முதலில் கடிந்தவர், அவள் சூடியதே இறைவனுக்கு உகந்தது என உணர்ந்தார் என்பது வரலாறு. கடிந்த தந்தை தலைவணங்கிய கணம் அது. திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143 என அந்த மகள் பாடியவை 173 பாசுரங்கள். மகளின் அறிவுக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இம்மாவட்டத்து ஸ்ரீவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபரர், 17ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். மகவு வேண்டி வேள்வி செய்த மலையத்துவச பாண்டியனுக்கு வேள்வித்தீயில் கிடைத்தவள் பெண்குழந்தை. மனம் கலங்கிய மன்னன், வானொலி கேட்டுத் தேறி, அவளுக்குப் படைக்கலப் பயிற்சியும் தந்து முடிசூட்டினான் என்று திருவிளையாடல் கூறுகின்றது. கலங்கிய தந்தை பெருமிதம் கொண்ட கதை இது. அந்தக் குழந்தையைத்தான் இல்லறம் புகாத துறவியாகிய குமரகுருபரர் தாலாட்டி, அம்மானை ஆடச் செய்து, ஊசலில் அமர்த்தி மகிழ்ந்தார்.

இதே மாவட்டத்து எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதிக்கு வாய்த்தவை இரண்டும் பெண்மக்களே. தங்கம்மாள் பிறந்தது 1904இல். சகுந்தலா பிறந்தது 1908இல். கண்ணன் பாட்டு 1917இல் நூலாயிற்று. அதில் கண்ணன் தோழனாகின்றான், தந்தையாகின்றான், அரசனாகின்றான், சேவகனும் ஆகின்றான். ஆனால், குழந்தையாக வரும்போது அவன் ஆணாக வரவில்லை, கண்ணம்மாவாக வருகின்றான். பெரியாழ்வார் முதலாகக் குழந்தைக் கண்ணனைப் பாடிவந்த மரபு, இங்கே பெண்குழந்தையின் பக்கம் திரும்பிற்று. பெண்விடுதலை பேசிய கொள்கை மட்டும் இதைச் செய்திருக்க இயலாது. வீட்டில் ஓடி விளையாடிய இரு பிஞ்சுக் கால்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அந்த வீடு வளமான வீடன்று. தந்தை பாட்டில் திளைத்த பொழுதுகளில், அடுத்த வேளை உலைக்கு அரிசி தேடிய கவலை செல்லம்மாவுடையது. மகளைக் கொஞ்சும் இன்பம் தந்தைக்கும், வளர்க்கும் பாடு தாய்க்கும் என்று பிரிந்துவிடுமாயின், அவ்வின்பம் அரைகுறையானதே. கவிஞர்கள் மறக்கலாகாத உண்மை இது.

பாரதி 1921இல் மறைந்தார். பின்னாளில் அவரைத் தந்தையாகத் தமிழுக்குக் காட்டியவர்கள் யாவர்? ‘அமரன் கதை’ எழுதிய தங்கம்மாள். தந்தையைப் பற்றி நூல் எழுதிய சகுந்தலா. புதுவையில் அவரருகே மகள்போல் வளர்ந்து ‘பாரதி நினைவுகள்’ எழுதிய யதுகிரி அம்மாள். தந்தை மடியில் பாட்டுக் கேட்ட சிறுமியரே அவர் வாழ்க்கைக்குச் சாட்சிகள் ஆயினர். மகளைத் தந்தை வளர்த்தான் என்பது பாதிக் கதை. தந்தையின் பெயரை மகள் வளர்த்தாள் என்பதே மறுபாதி.

ஆதலின், பெண்மகவைப் பாடுவதோடு தந்தையின் கடமை தீர்ந்துவிடாது. அவள் பாட வாயெடுக்கும்போது செவி கொடுத்தல் வேண்டும். பத்தாண்டுகளாகக் கவிஞர்கள் கூடும் இவ்வரங்கிற்கு, அவர்தம் பெண்மக்கள் இனிக் கேட்போராக மட்டும் வருதல் போதாது. தம் ஏட்டை விரித்துப் படிப்போராகவும் வருதல் வேண்டும். தன் மகளின் கவிதையைக் கேட்டு, அதில் தன் குரல் அன்றி அவள் குரலே ஒலிப்பதைக் கண்டு மகிழும் தந்தைக்கு, விடிலியில் மகள் சுவைத்த அந்த முதற்பாகின் இனிப்பு மீண்டும் கிட்டும்.