கீறிய கோட்டில் வாழும் முயல்

பேரரசுகளின் வரலாற்றைப் பொன்னும் வெள்ளியுமே கூறும் என எண்ணுதல் இயல்பு. ஆயின், பைசாந்தியப் பேரரசின் அன்றாட வாழ்வை நமக்கு உணர்த்துவனவற்றுள் உடைந்த மண்கலங்கள் சிறப்பிடம் பெறுகின்றன. வெள்ளித் தட்டு, முடை வந்தபோது உருக்கப்படும். சுட்ட மண்ணை உருக்கிப் பயன்கொள்வார் இலர். ஆதலின் அது எஞ்சியது.

கி. பி. 12ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுக் குயவர் கையாண்ட முறை எளியது. செம்மண்ணால் வனைந்த கலத்தின்மீது வெண்களிக் குழம்பைப் பூசுவர். அப்பூச்சினைக் கூரிய கருவியாற் கீறுவர். கீறிய இடத்தில் அடியிலுள்ள செம்மண் வெளிப்படும். ஈயம் கலந்த பளிங்குப் பூச்சிட்டுச் சுட்டபின், வெளிர்நிலத்தில் அக்கோடுகள் கருமை தோய்ந்து விளங்கும். தாவும் முயல், சிறகு விரித்த பறவை, மானைப் பற்றும் சிறுத்தை ஆகியன இவ்வாறு உருப்பெற்றன. கீறிய கோட்டை அழித்தெழுதுதல் எளிதன்று. ஆதலின் குயவனின் கை தயங்காது ஓடுதல் வேண்டும்.

கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரில் 1896 முதல் நடைபெற்ற அகழ்வுகளில் இத்தகைய கலங்கள் பல கிடைத்தன. ஏஜியன் கடலில், பெலகொன்னிசொஸ் தீவருகே 12ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலொன்று 1970இல் ஆராயப்பட்டது. அதன் சரக்கில் இவ்வகைத் தட்டுக்கள் மிகுதியாக இருந்தன. இவை அரசனொருவனுக்கென அமைந்த அருங்கலங்கள் அல்ல. சந்தையை நோக்கிச் சென்ற பண்டங்கள்.

1204இல் சிலுவைப் போர்வீரர் கொன்ஸ்தாந்திநோப்பிளைச் சூறையாடினர். அரண்மனைச் செல்வம் சிதறியது. ஆயினும் குயவர் சூளைகள் அணையவில்லை. முக்காற் தாங்கிகளை இடையிட்டுக் கலங்களை அடுக்கிச் சுடும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டிற் பரவியது. தட்டின் நடுவே அத்தாங்கிகள் விட்ட மூன்று வடுக்கள் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றன.