கரியிலிருந்து கன்னெய்



மக்கள் பெட்ரோல் என வழங்கும் கன்னெய்யை எண்ணெய்க் கிணறு இல்லா நாடும் ஆக்கலாம். செருமனியில் பிசரும் திரோப்சும் 1925-இல் வழி கண்டனர். நிலக்கரியை நீராவியாலும் உயிர்வளியாலும் வளியாக்கி, வினையூக்கியின்மேல் செலுத்தி நெய்யாக்குவதே அம்முறை.

தென்னாப்பிரிக்கா 1950-இல் சாசோல் நிறுவனத்தைத் தோற்றுவித்து, 1955-இல் கரிநெய் வடித்தது. 1973-க்குப் பின் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறவே, செகுண்டாவில் மேலும் இரு பேராலைகள் எழுந்தன. முதலீடும் மிகுதி, கரிப்புகையும் மிகுதி. ஆயினும் அயல்நாட்டிற்குப் போகவிருந்த பொருளில் ஒருபகுதி உள்நாட்டிலேயே தங்கிற்று, சுரங்கவேலை பெருகிற்று, மெழுகும் உரப்பொருளும் உடன்கிடைத்தன.

அவ்வூதியம் யாருக்கு அரணாயிற்று? எண்ணெய்த் தடையைத் தாங்கி நிற்க நிறவெறி அரசுக்கு உதவிற்று! கரி வெட்டிய கறுப்பினத்தார்க்கோ 1994 வரை நாட்டின் பொதுத்தேர்தலில் ஒப்போலை உரிமையும் இல்லை.

நம் நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரி உண்டு. அதை வளியாக்கி உரம் செய்த பட்டறிவும் முன்பு இருந்தது. நிலம் ஈந்தோர் நம் சிற்றூர் மக்கள். சுரங்கத்தை ஆள்வதோ நடுவணரசு. கரி நெய்யாவது வேதிவினையால். அந்நெய் மண்ணின் மக்களுக்குப் பயனாவது அவர்தம் உரிமையால்! முன்னதைக் கற்போம், பின்னதை வெல்வோம்.