வெளியேற ஒரு வழி

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: லூக்கா 13:10-17)



இன்றைய நற்செய்தியில் வரும் பெண்ணுக்குப் பெயர் இல்லை. 18 ஆண்டுகளாகக் கூன் விழுந்து, நிமிர முடியாமல் இருந்தவர். அவர் எதையும் கேட்கவில்லை. இயேசுதான் அவரைக் கண்டு, அருகே அழைத்து, அவர்மீது கைகளை வைக்கிறார். உடனே தொழுகைக்கூடத் தலைவருக்குக் கோபம் வருகிறது. ஓய்வுநாளில் ஏன் வந்தீர்கள், மற்ற ஆறு நாள்களில் வரக்கூடாதா என்கிறார். அதையும் அவர் இயேசுவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

கூன் எல்லாம் முதுகில்தான் விழ வேண்டும் என்பதில்லை. அண்மையில் நாம் பார்த்த ஒரு திரைப்படம் இந்தப் பெண்ணை நினைவூட்டியது. 'தி அவுட்ரன்' என்பது அதன் பெயர். 2024-ல் வெளிவந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளில் ஓர் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்த ஏமி லிப்ட்ராட் என்ற எழுத்தாளர், தம் சொந்த வாழ்வைப் பற்றி 2016-ல் எழுதிய நூல்தான் படமாகியிருக்கிறது. நோரா ஃபிங்ஷைட் இயக்கியிருக்கிறார். படத்தில் அந்தப் பெண்ணுக்கு ரோனா என்று பெயர். நடித்திருப்பவர் சர்ஷா ரோனன்.

ரோனா பெரிய நகரமான லண்டனுக்குப் போகிறாள். படிப்பு, நண்பர்கள், இரவு விருந்துகள் என்று வாழ்க்கை ஓடுகிறது. மற்றவர்கள் போதும் என்று வீட்டுக்குக் கிளம்பும்போதும் அவள் குடித்துக்கொண்டே இருக்கிறாள். அவளை நேசித்தவனும் தாங்க முடியாமல் விலகிப் போகிறான். பிறகு சிகிச்சை, மீண்டும் தீவு. தந்தை மனநோயாளி. ஒரு காலம் கட்டுக்கடங்காத உற்சாகம், ஒரு காலம் எழவே முடியாத சோர்வு. தாய் பிரிந்து தனியே வாழ்கிறார், மிகுந்த பக்தி உடையவர். அந்தத் தாயின் செபம் மகளுக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆனால் மகள் திரும்பி வந்தபோது படுக்க இடம் கொடுத்தது அந்த வீடுதான். செபமாலையும் கையுமாகக் காத்திருக்கும் எத்தனையோ தாய்மார்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நம்மை உலுக்கியது வேறொன்று. ரோனாவுக்குத் தீவில் ஒரு வேலை கிடைக்கிறது. கார்ன்கிரேக் என்ற பறவை அங்கே எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று கண்டறிய வேண்டும். நம் ஊர்க் கானாங்கோழியின் உறவுக்காரப் பறவை அது. ஆப்பிரிக்காவிலிருந்து கோடைக்கு வந்து, உயரமான புல்லுக்குள் ஒளிந்து வாழும். கண்ணில் படுவது மிக அரிது. ஆண் பறவை இரவில் எழுப்பும் கரகரத்த குரலை வைத்துத்தான் கணக்கெடுக்க முடியும். ஆகவே அவள் நள்ளிரவில் வண்டியை நிறுத்தி, இருட்டில் காது கொடுத்துக் காத்திருக்கிறாள்.

ஒரு காலத்தில் பிரிட்டன் எங்கும் இருந்த அந்தப் பறவை குறைந்துபோனதற்கு முக்கியக் காரணம் புல் அறுக்கும் இயந்திரம். ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி வட்டமாக அறுத்துக்கொண்டு போவார்கள். பறவையோ வெட்டவெளியில் ஓட அஞ்சும், புல் இருக்கும் பக்கமாகவே நகரும். வட்டம் சுருங்கச் சுருங்க, நடுவில் மிஞ்சிய ஒரு திட்டுப் புல்லுக்குள் தாயும் குஞ்சுகளும் மாட்டிக்கொள்ளும். கடைசிச் சுற்றில் கத்தி அங்கேயும் வந்துவிடும். அறுப்பவருக்கு அந்தப் பறவைமீது எந்தப் பகையும் கிடையாது. இன்று அங்குள்ள பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார் விவசாயிகளிடம், சற்றுத் தாமதித்து அறுங்கள், நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக அறுங்கள் என்று கேட்கிறார்கள். அப்போது பறவை புல்லோடு புல்லாக ஓரத்துக்கு ஓடித் தப்பிவிடும்.

நாம் பணியாற்றிய ஒரு பங்கில், ஒரு தாய் தம் மகளைப் பங்கு இல்லத்துக்கு அழைத்து வந்தார். அடையாளம் தெரியாதபடி சொல்கிறோம். அலமாரியில் துணிகளுக்கு அடியில் பாட்டில் இருந்ததைக் கண்டுபிடித்திருந்தார்கள். உடன் மாமா, சித்தப்பா என்று நான்கு பேர். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். நாமும் நடுவில் அமர்ந்து அரைமணி நேரம் அறிவுரை சொன்னோம். மாதா சுரூபத்தின் முன் சத்தியம் வாங்கினோம். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடியே இருந்தாள். கடைசியில், "சரிங்க சாமி" என்றாள். அதன்பின் அவள் ஆலயத்துக்கு வரவில்லை. நாம் அன்று ஓரத்திலிருந்து உள்நோக்கி அறுத்தோம் என்பது இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

ஆண் குடித்தால் அவன் மனைவிக்காக இரங்குகிறோம். பெண் குடித்தால் அந்த வீட்டில் யாருக்காகவும் நாம் இரங்குவதில்லை. கல்யாணம் பேசி முடித்தால் சரியாகிவிடும் என்று வேறு சொல்லுவார்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டு கடுமையாகக் குடித்தவர் ஒரே நாளில் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இன்று நம் ஊர்களிலும் நடக்கின்றன, பல இடங்களில் ஆலய வளாகத்திலேயே. அங்கே யாரும் சத்தியம் வாங்குவதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதோடு சரி. வழி விடுவது என்றால் கேட்கும்போதெல்லாம் பணம் கொடுப்பதோ, அவருக்காகப் பொய் சொல்வதோ அல்ல என்பதும் அங்கே போகும் குடும்பங்களுக்குத் தெரியும்.

ரோனா குளிர்காலத்தில் தங்கும் சிறு தீவின் பெயர் பாப்பா வெஸ்ட்ரே. பழைய நோர்ஸ் மொழியில் குருக்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயராம். ஆனால் படத்தில் அவளைத் தேற்றுவது குருக்கள் அல்லர். தானும் குடியை விட்ட தீவுக்காரர் ஒருவர்தான். எத்தனை ஆண்டு, எத்தனை மாதம், எத்தனை நாள் என்று அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார். இது எளிதாகிவிடும் என்று அவர் பொய் சொல்வதில்லை. கடினம் சற்றுக் குறையும் என்கிறார், அவ்வளவுதான்.

இயேசு அந்தக் கூன் விழுந்த பெண்ணை, அதே கூட்டத்தின் முன், ஆபிரகாமின் மகள் என்று அழைத்தார். எப்படி இப்படி ஆனாய் என்று கேட்கவில்லை.

சென்ற வாரம் நாம் அந்தத் தாய்க்குத் தொலைபேசியில் பேசினோம். மகள் வீட்டில்தான் இருக்கிறாளாம். ஒருநாள் வரலாமா, இந்த முறை அறிவுரை எதுவும் இருக்காது என்றோம். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவகிட்டயே கேட்டுச் சொல்றேன் சாமி" என்றார். இன்னும் பதில் வரவில்லை. காத்திருக்கிறோம்.