கல்லூரிப் பாடமும் கைப்பேசிப் பதிவும்

(மும்பையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சென்ற கூட்டத்தில் தாய்மார்கள் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். "படிக்க அனுப்பினோம். பெண் எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறாள். கேட்டால் இதுதான் பாடம், இதற்குத்தான் மார்க் என்கிறாள். உண்மையா, கதையா?" என்றார்கள்.

உண்மைதான். இதழியல், மக்கள் தொடர்பு படிக்கும் பிள்ளைகளுக்குச் சமூக ஊடகமும் இன்று ஒரு பாடம். இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ கணக்குத் திறக்கச் சொல்கிறார்கள். வாரம் இத்தனை பதிவு போடவேண்டும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டவேண்டும். அதுவரை பிறர் போட்டதைப் பார்த்துவிட்டு நகர்ந்த பிள்ளை, வகுப்பின் பேரால் தானே எழுதத் தொடங்குகிறது. பரீட்சை முடிந்தபின்பும் அந்தப் பழக்கம் நிற்பதில்லை.

இந்தச் சரக்கு பிறந்த இடமே பல்கலைக்கழகம்தான். 2004-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக விடுதியில் மாணவர்களுக்கென்று பேஸ்புக் தொடங்கப்பட்டது. 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்று கதவைத் திறந்தது 2006 செப்டம்பரில். நம் சால்களுக்கும் குடிசைகளுக்கும் அது பரவலாக வந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு. ஊருக்குக் கடிதம் எழுதித்தர ஆள் தேடி அலைந்த குடும்பங்கள் நம்முடையவை. அந்தக் குடும்பத்துப் பேத்தி எழுதுவதை இன்று முன்பின் தெரியாத ஆயிரம் பேர் படிக்கிறார்கள். இதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால், எழுத்து என்ன செய்யும் என்பதை இந்த நகரத்துத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960-இல் பால் தாக்கரே 'மார்மிக்' என்ற வார இதழைத் தொடங்கினார். அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக அந்த ஏடு அச்சிட்டது. 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. அதன்பின் நம் கடைகளும் ஓட்டல்களும் பட்ட பாட்டை இங்கே இருக்கும் பெரியவர்கள் அறிவார்கள். அன்றைக்குப் பெயர்களைத் தேடித் தொகுக்க ஆள் வேண்டியிருந்தது. இன்றைக்கோ நம் பெயர், ஊர், வேலை செய்யும் இடம், குழந்தை படிக்கும் பள்ளி எல்லாவற்றையும் நாமே வலியப் போய்ப் போட்டுவிடுகிறோம். ரேஷன் கார்டையும் ஆதாரையும் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறவர்களும் நம்மிடையே இல்லாமலில்லை!

பால்கர் நம்மிடமிருந்து அதிகத் தொலைவில்லை. 2012 நவம்பரில் தாக்கரே மறைந்தபோது நகரம் முழுவதும் கடையடைத்தது. அது ஏன் என்று ஓர் இளம்பெண் பேஸ்புக்கில் கேட்டார். அவருடைய தோழி அதற்கு ஒரு 'லைக்' போட்டார். இருவரையும் போலீஸ் கைது செய்தது. ஒருவருடைய உறவினரின் மருத்துவமனையைக் கும்பல் சூறையாடியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அதற்குக் கைகொடுத்தது. சட்டப் படிப்புக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24-இல் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஆகவே, கேள்வி கேட்பது குற்றமல்ல. ஆனால் இரு பிரிவாருக்கிடையே பகை மூட்டுவது குற்றம் என்ற சட்டம் முன்பும் இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 196-ஆவது பிரிவாக இன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் பாடத்தோடு பாடமாகப் படித்துவைக்க வேண்டும்.

பால்கர் கதையைக் கேட்டதும் சில தகப்பனார்களுக்குப் பெண்ணின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கத் தோன்றும். பையனிடமிருந்து பிடுங்கத் தோன்றாது! இதை நாம் ஏற்பதற்கில்லை. கேட்டவர் ஒரு பெண். வழக்காடி வென்றவரும் ஒரு பெண்.

எழுதுவதைவிட ஆபத்தானது, எழுதாமல் தள்ளிவிடுவது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று கைப்பேசியில் பரவிய புரளியால் 2018 ஜூலை 1-இல் துலே மாவட்டம் ராயின்பாடாவில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். பிழைப்புக்காக ஊர் ஊராகச் சுற்றும் ஏழைகள் அவர்கள். பேச்சும் முகமும் புதிது; அவ்வளவே அவர்கள் செய்த குற்றம். அதற்கு முன்பு மே மாதத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியை இதே புரளியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கொன்றவர்கள் தமிழர்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று எங்கோ நடந்த சண்டைகளின் படங்களைக் காட்டிப் பொய் பரப்பினார்கள். திருப்பூரில் வேலை பார்த்தவர்கள் அஞ்சி ரயிலடிக்கு ஓடினார்கள். பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் வந்து பார்த்தபின்தான் பரபரப்பு அடங்கியது. வேற்றூரில் பிழைக்கிற நமக்கு அந்த அச்சம் எப்படிப்பட்டது என்று விளக்கவேண்டுமா?

எனவே பிள்ளைகளே, மார்க்குக்காக எழுதத்தான் போகிறீர்கள். அதில் பாதியை நமக்காக எழுதுங்கள். சாப்பாட்டுப் படமும் சினிமாப் பாட்டும் வேண்டாமென்று சொல்ல நாம் யார்? அதோடு உங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, கழிப்பறைக்கு எத்தனை பேர் வரிசை, தாராவியில் 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பில் மாடியில் குடியிருப்போர் என்ன கேட்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள், மராத்தியிலும் எழுதுங்கள். பக்கத்து வீட்டு மராத்தித் தொழிலாளியும் அதே வரிசையில்தான் குடத்தோடு நிற்கிறார். ஒருவர் படத்தைப் போடுமுன் அவரைக் கேளுங்கள். வீட்டு எண்ணைப் போடாதீர்கள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறுதோறும் மாலை 4 மணிக்குச் சங்க அறையில் பிள்ளைகளே வகுப்பெடுப்பார்கள். வந்த செய்தி மெய்யா பொய்யா என்று பார்ப்பது, கணக்குக்கு இரட்டைப் பூட்டுப் போடுவது, குரலைப் பதிந்து எழுத்தாக்குவது ஆகியவை முதல் மாதப் பாடம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வரலாம். கட்டணம் கிடையாது. கைப்பேசியை வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள். சங்க அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக்தான்.